மேஸ்திரிக்குப் புரியாத மனு

எங்கள் தெருவில் யாராவது தங்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து, "இந்தம்மாவுக்குத் தெரியாத இங்கிலீஷ் வார்த்தையே கெடையாது, நாலு வார்த்தை கத்துக்க" என்று என் முன்னால் நிறுத்தினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வருஷம் ஒரு தகப்பனை வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டி அனுப்பினேன். "படிச்ச திமிரு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். திமிர்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் திமிருக்கு என் அம்மா என்ன விலை கொடுத்தாள் என்று அவருக்குத் தெரியாது. நான் யாருக்கும் சொன்னதும் இல்லை. சொல்லாமலே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன் என்பதில் எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

மரக்காணத்தில் உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிற தெருவில் பிறந்தவள் நான். அப்பா இல்லை. அம்மா கூடை தூக்கினாள். நான் பள்ளிக்கூடம் போனேன், லீவு விட்டால் அம்மாவோடு கூடை தூக்கினேன். எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பதினோராம் வகுப்பு வரை போவது பெரிய விஷயம். அதற்காக எனக்கு யாரும் மாலை போடவில்லை. "கழுத்து வரைக்கும் படிச்சிட்டு உப்புதான தூக்கப் போற" என்றுதான் கேட்டார்கள்.

முதலில் அந்த இங்கிலீஷ் வகுப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார். அந்த ஒரு மணி நேரமும் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும். வெளியே போவதற்கும் இங்கிலீஷ், தண்ணீர் குடிப்பதற்கும் இங்கிலீஷ். ஒன்பதாம் வகுப்பில், கோடை தொடங்கும் நேரம் அது. விடியற்காலையில் அம்மாவோடு இரண்டு மணி நேரம் உப்புத் தூக்கிவிட்டு, அப்படியே ஓடி வந்து உட்கார்ந்திருந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்து நின்று "வாட்டர்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

டீச்சர் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். "வாட்டரா? வாட்டருக்கு என்ன? வாட்டர் செத்துப்போச்சா? வாட்டருக்குக் கல்யாணமா?" என்று கேட்டார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. முழு வாக்கியமாகச் சொல்லும்வரை உட்காரக் கூடாது என்றார். எனக்கு வாக்கியம் வரவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தை விட்டு வரும்வரை எனக்கு 'வாட்டர்' என்றுதான் பெயர். "ஏய் வாட்டர்", "வாட்டர் வருது பார்றா", "வாட்டர், கொஞ்சம் நவுரு". தாகத்துக்குத் தண்ணீர் கேட்டது ஒரு குற்றமா? இத்தனை வயதுக்கு அப்புறம் நினைத்தாலும் வயிறு எரிகிறது. டீச்சர் என்று மரியாதையாகச் சொல்வதுகூடப் பழக்க தோஷம்தான்.

சின்ன வார்த்தை பேசினால்தானே சிரிக்கிறீர்கள், பெரிய வார்த்தையாகப் பேசிக் காட்டுகிறேன் என்று அன்றே முடிவு செய்தேன். ஆசையால் படிக்கிறவர்கள் உண்டு. நான் ரோஷத்தால் படித்தேன்.

அகராதி கிடைத்தது பொம்மையார்பாளையத்தில். அங்கே என் பெரியம்மா ரோட்டோரம் வறுகடலை விற்றாள். இடையஞ்சாவடிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து குடியேறியிருந்த காலம் அது. அவர்கள் கழித்துப் போட்ட காகிதமெல்லாம் எடைக்கு வந்து, பெரியம்மா கையில் கடலைப் பொட்டலமாக மாறும். ஒருநாள் அவள் கிழித்துக்கொண்டிருந்த தடிப் புத்தகத்தைப் பார்த்தேன். இங்கிலீஷ் அகராதி. முதல் மூன்று எழுத்துகளும் ஏற்கெனவே கடலையோடு ஊருக்குள் போய்விட்டிருந்தன. மிச்சத்தைக் கெஞ்சி வாங்கி வந்தேன். அதனால் என் பெரிய இங்கிலீஷ் நான்காவது எழுத்தில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய மூன்று எழுத்தில் ஆரம்பிக்கும் கடினமான சொற்கள் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் தடுமாறும்.

படித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். உப்பளத்தில் ஆண்கள் பாத்திக்குள் இறங்கிப் பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்குவார்கள். அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, மேட்டில் இருக்கும் குவியலில் கொட்டுவது பெண்கள் வேலை. தலையில் சும்மாடு இருக்கும், பழைய புடவையைக் கிழித்துச் சுற்றியது. அந்தச் சும்மாட்டு மடிப்பில் சீட்டு எழுதிச் சொருகிக்கொள்வேன். ஒரு நடைக்கு ஒரு வார்த்தை. குவியலில் கொட்டியதும் சும்மாட்டை அவிழ்த்து, சீட்டைப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றிக்கொள்வேன். கூடையை ஏற்றும்போது 'மேக்னானிமஸ்' என்று ஆரம்பித்தால், குவியலில் போய்க் கொட்டும்போது 'பெருந்தன்மையுள்ள' என்று முடியும். திரும்பி வரும்போது அடுத்தது. தலைக்கு மேல் உப்பு, நடுவில் இங்கிலீஷ், கீழே நான்.

வாயைத் திறந்து சொல்ல முடியாது. எங்கள் பெண்கள் எல்லோர் கன்னத்திலும் ஒரு புளியங்கொட்டை இருக்கும். அதை அடக்கி வைத்திருந்தால் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், தாகம் தெரியாது. எனக்கும் ஒன்று இருந்தது. அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன். நான் பேசாமல் நடப்பதைப் பார்த்து "பொண்ணு அடக்கமானது" என்று பேர் எடுத்தேன். உள்ளே 'லுகுப்ரியஸ்', 'எக்ஸாஸ்பரேட்', 'நெஃபாரியஸ்' என்று ஓடிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்.

நான் பதினோராம் வகுப்பு முடித்த அந்தக் கோடையில்தான் தண்ணீர் நின்றது.

அதுவரை ஊர்க் கிணற்றிலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாய்த் தண்ணீர் காலையில் ஒன்று, மதியம் ஒன்று வரும். அளத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான், அதைத்தானே பாத்தியில் காயவிடுகிறார்கள். குடிப்பதற்கு அந்தப் பீப்பாயை விட்டால் வேறு கதி கிடையாது. அந்த வருஷம் அளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் மாறினார். புது மேஸ்திரி வந்தான். வந்த வாரமே, உப்பு இழுக்க மாடு போதவில்லை என்று பீப்பாய் வண்டியை நிறுத்திவிட்டான். "வூட்லேர்ந்து கொண்டாங்க. உங்க தொண்டைய நனைக்கறதுக்கா குத்தகை எடுத்திருக்குது?" என்றான். வீட்டிலிருந்து தூக்கில் கொண்டுபோன தண்ணீர் ஒன்பது மணிக்கே கொதிக்கும், பத்து மணிக்குத் தீர்ந்துவிடும். எங்கள் தெரு அங்கிருந்து இரண்டு மைல்.

அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்தது. முதலில் சுளீர் சுளீர் என்கிறது என்றாள். பிறகு சிறுநீரில் ரத்தம் போனது. ஒதுங்கப் போகிற இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முனகுவது எனக்குக் கேட்கும். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் இரண்டு மாத்திரை கொடுத்துவிட்டு, "வேலை நேரத்துல தண்ணி குடிக்கணும்மா. இப்படியே காய்ஞ்சிங்கன்னா கிட்னி போயிடும்" என்றார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தண்ணி குடிக்கணுமாம்டி. தெரியாம இருந்துட்டோம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அந்த உப்பைத் தலையில் சுமந்தவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற நாதியில்லை.

அந்த நேரத்தில்தான் பெரிய அதிகாரி ஒருவர் அளத்தைப் பார்வையிட வருகிறார் என்று பேச்சு அடிபட்டது. அவரிடம் ஒரு மனு கொடுத்துவிடலாம் என்று சொன்னவள் எங்கள் அடுத்த வீட்டு அக்கா. அம்மாவோடு ஜோடியாகக் கூடை தூக்குகிறவள். பெண்கள் முப்பது பேரும் வரப்பில் உட்கார்ந்து பேசினார்கள். நேரில் போய்ச் சொல்லலாமே என்று யாரும் நினைக்கவில்லை. மேஸ்திரி பக்கத்திலேயே நிற்பான், வாயைத் திறந்தவளுக்கு மறுநாள் வேலை இருக்காது. காகிதம் என்றால் முப்பது பேர் கொடுத்ததாக இருக்கும், யாரையென்று தனியாக நிறுத்துவான்?

ஆனால் காகிதத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. அதிகாரியிடம் போகும் எதுவும் மேஸ்திரியின் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவன் படித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவான்.

"தமிழ்ல எழுதினா அங்கயே கிழிச்சிப் போட்டுடுவான். நீ இங்கிலீஷ்ல எழுது கண்ணு" என்றாள் அடுத்த வீட்டு அக்கா.

"அவனுக்கும் இங்கிலீஷ் தெரியுமேக்கா. பட்டாளத்துக் கேன்டீன்ல இருந்தவனாச்சே" என்றாள் இன்னொருத்தி.

"அவனுக்கு இன்னா தெரியும்? ரைஸு, வாட்டரு, லீவு, சால்ட்டு. அந்த மாதிரி ஒத்த வார்த்தையா போடாத. அவன் வாய்ல நுழையாததா, கனமா எழுது. பெரிய ஆபீசருக்குப் புரியாதா இன்னா? அவுரு படிச்சவரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மா என் தலையைத் தடவி, "எம் பொண்ணுக்கு அந்தப் பொஸ்தகம் பூரா மனப்பாடம்" என்றாள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மேஸ்திரிக்குப் புரியக் கூடாது, அதிகாரிக்குப் புரிய வேண்டும், அதற்கு ஒரே வழி அதிகாரியைப் போலவே எழுதுவது. அவர்கள் கணக்கு அது. இரண்டு தலைமுறையாக, தங்களுக்குப் புரியாத காகிதத்தில்தான் அவர்களுக்கு நல்லதும் கெட்டதும் நடந்திருக்கிறது. புரியாததில்தான் சக்தி இருக்கிறது என்று நம்பியதில் என்ன தப்பு? தப்பு என்னுடையது. வெல்லம் தின்னப்போன எறும்பு மாதிரி உள்ளே போய் ஒட்டிக்கொண்டேன். 'வாட்டர்' என்று எழுதாதே என்று அவர்கள் சொன்னது எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? எந்த வார்த்தையைப் பெயராக வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார்களோ, அந்த வார்த்தையை என் கையால் எழுத வேண்டியதில்லை.

மூன்று நாள் எழுதினேன். முழுநீள வெள்ளைத் தாளில், மூன்று பக்கம். அதிகாரியின் மேக்னானிமிட்டி, அவருடைய கூர்மதிக்கு ஒரு பர்ஸ்பிகாசிட்டி, எங்களுடைய துக்கத்துக்கு ஒரு லுகுப்ரியஸ் எல்லாம் வந்தன. நடுப் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. அதை இன்றைக்கும் ஒப்பிப்பேன். 'வீ ஆர் டிப்ரைவ்ட் ஆஃப் தி இன்டிஸ்பென்சபிள் எலிக்ஸிர் ஆஃப் எக்ஸிஸ்டென்ஸ்.' இருத்தலுக்கு இன்றியமையாத அமுதம் எங்களுக்கு மறுக்கப்படுகிறது. எழுதி முடித்ததும் அந்த வரியை நானே பத்து தடவை படித்துப் பூரித்தேன். என் அம்மாவுக்கு மூத்திரத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது, நான் வாக்கியத்தின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைநாட்டு வைக்க மை கிடையாது. அடுப்புக் கரியை நல்லெண்ணெயில் குழைத்து வைத்தோம். முப்பது பேரும் வரிசையாக வைத்தார்கள். ஒருவர் பெருவிரலிலும் ரேகை விழவில்லை. உப்பு எப்போதோ தின்றுவிட்டிருந்தது. முப்பது கறுப்பு வட்டம், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கிடையாது. அம்மா தன்னுடையது எது என்று அடையாளம் தெரிய, பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

அதிகாரி வந்த அன்று மேட்டில் புதுக் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். ஜீப் நின்றது. என்னை மனுவோடு அனுப்பிவிட்டு, பெண்கள் வெயிலில் வரப்பில் நின்றார்கள். கொட்டகை வாசலில் மேஸ்திரி கையை நீட்டினான். கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தான். உதடு அசைந்தது. இரண்டாம் பக்கத்துக்குப் போனான். நெற்றியைச் சுருக்கினான். மூன்றாம் பக்கத்தை ஒரு தடவை திருப்பிப் பின்புறமும் பார்த்தான். "இன்னா இது?" என்றான்.

"அதிகாரிக்கு வரவேற்புங்க. அதான் எல்லாரும் கைநாட்டு வெச்சிருக்காங்க" என்றேன்.

"எழுதுன கை நல்லாத்தான் இருக்குது. போ" என்று விட்டுவிட்டான். நான் திரும்பி வரப்பைப் பார்த்தேன். முப்பது பேரும் சிரித்தார்கள். அடுத்த வீட்டு அக்கா கையை உயர்த்திக் காட்டினாள். அந்த நிமிஷம் எனக்கு மேஸ்திரியை, டீச்சரை, 'வாட்டர்' என்று கூப்பிட்ட அத்தனை பேரையும் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

உள்ளே அதிகாரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனுவைப் படித்தார். பாதிப் பக்கத்தில் நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும்மா எழுதினது?"

"நான்தான் சார்."

"நீயா? அளத்துப் பொண்ணா?" என்று பக்கத்தில் இருந்த குமாஸ்தாவிடம் காகிதத்தைக் காட்டினார். "பாருய்யா இங்கிலீஷ! நம்ம ஆபீஸ்ல எவனுக்காவது வருமா?" குமாஸ்தா எட்டிப் பார்த்துவிட்டு, பிரமாதம் சார் என்றார். கைநாட்டைப் பார்த்து, "ஒரே விரலையே முப்பது தடவ வெச்ச மாதிரி இருக்குதே" என்று சிரிக்கவும் செய்தார்.

அதிகாரி ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டுக் கேட்டார். "சரி, பர்ஸ்பிகாசிட்டின்னா என்ன சொல்லு?" சொன்னேன். "லுகுப்ரியஸ்?" சொன்னேன். "எலிக்ஸிர்?"

"உயிரை வளர்க்கும் அமுதம் சார்."

"பேஷ்!"

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். 'சார், அந்த அமுதம் தண்ணீர்தான் சார், எங்களுக்குத் தண்ணீர் இல்லை சார்' என்று சொல்லியிருக்கலாம். மேஸ்திரி கொட்டகை வாசலில் நின்றான், உண்மைதான். ஆனால் பயத்தால் சொல்லாமல் இருந்தேன் என்று நான் இன்று சொன்னால் அது பொய். அடுத்த வார்த்தையை எப்போது கேட்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் முதல் மார்க் வாங்குகிறவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்திருக்கும் என் முகம். சீ.

"பாவம், வெயில்ல நடந்து வந்திருக்குது. தண்ணி குடுப்பா" என்றார் அதிகாரி. கொட்டகை மூலையில் வெட்டிவேர் போட்ட மண்பானை இருந்தது. பியூன் எவர்சில்வர் டம்ளரில் மொண்டு கொடுத்தான். புளியங்கொட்டையை நாக்குக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரே மூச்சில் குடித்தேன். இன்னொரு டம்ளர் கொடுத்தான். அதையும் குடித்தேன். கொட்டகைக்கு நாலு பக்கமும் திறப்பு. வரப்பில் நின்ற முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து எனக்குப் பரிசாகக் கொடுத்தார். நன்றாக முன்னுக்கு வருவாய் என்றார். மனுவை மடித்துக் குமாஸ்தாவிடம் கொடுத்து, "ஃபைல்ல பத்திரமா வைய்யா, ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டணும்" என்றார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வரப்பில் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"இன்னா சொன்னாரு?"

"நல்லா எழுதியிருக்கேன்னு சொன்னாரு. பேனா குடுத்தாரு."

"அது சரி. தண்ணிக்கு இன்னா சொன்னாரு?"

நான் கையிலிருந்த பேனாவைப் பார்த்தேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வீட்டு அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீ குடிச்சியே, ஜில்லுன்னு இருந்துச்சா?" என்று கேட்டாள். குத்திக்காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. அம்மா வாயிலிருந்த புளியங்கொட்டையைத் துப்பினாள். தன் காலித் தூக்கை எடுத்துக்கொண்டு நேராக மேட்டின் மேல் ஏறினாள். வேகமாக நடக்க முடியாது அவளால், வலி. அப்படியும் ஜீப் திரும்புவதற்குள் முன்னால் போய் நின்றுவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். அதிகாரி ஜீப்பை நிறுத்தச் சொன்னார். அம்மா அவர் முன்னால் தூக்கைக் கவிழ்த்துப் பிடித்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.

"என்ன வேணுமாம் இதுக்கு?" என்று மேஸ்திரியைக் கேட்டார் அதிகாரி.

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் அம்மாவே சொன்னாள். "தண்ணிங்க. குடிக்கத் தண்ணி. வண்டிய நிறுத்திப்புட்டாங்க. பொம்பளைங்க செத்துப்போறோம்."

அதிகாரி உண்மையாகவே திகைத்தார். ஜீப்பிலிருந்து தலையை நீட்டி, அம்மாவைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, தண்ணி இல்லன்னு சொல்றாங்க. மூணு பக்கம் எழுதின, இத ஏன் எழுதல?"

நான் பேசுவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "எழுதியிருக்குதுங்க. எம் பொண்ணு எழுதியிருக்குது. அதுலதான் இருக்குது, நல்லாப் பாருங்க சார்" என்றாள். அவ்வளவு உறுதியாகச் சொன்னாள். தலையைக்கூடத் திருப்பி என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அதிகாரி குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா ஃபைலைப் பார்த்தார். யாரும் அதைப் பிரிக்கவில்லை. "சரி சரி. யோவ், தண்ணி வண்டிய விட்டுடு" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார். என் மூன்று நாள் எழுத்து செய்யாததை என் அம்மா மூன்று வார்த்தையில் செய்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பீப்பாய் வண்டி வந்தது. ஆனால் அம்மாவுக்கு வேலை மறுநாளே போய்விட்டது. "வாயாடிக்கு இங்க வேலை இல்ல" என்றான் மேஸ்திரி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். தண்ணீரைக் கொண்டுவந்தவள் அந்தப் பீப்பாயில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. முப்பது பேரில் மற்றவர்கள் குடித்தார்கள். நானும் குடித்தேன். வீட்டில் ஒருத்தி கூலியாவது வேண்டும் என்று அம்மாதான் என்னை அனுப்பினாள். அவள் கருவாடு காயவைக்கும் வேலைக்குப் போனாள். நீர்க்கடுப்பு மட்டுப்பட்டது, முழுக்கப் போகவில்லை. பதினோரு வருஷம் கழித்து, கம்பவுண்டர் சொன்ன அந்தச் சிறுநீரகத்தால்தான் செத்தாள்.

எனக்கு அந்த இங்கிலீஷ்தான் பிறகு குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்தது. அதைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று விளங்கியது. எனக்கு மேல் உட்கார்ந்திருந்த அதிகாரிகள், தங்களுக்குப் புரியாத தாளின் ஓரத்தில் 'நன்றாக எழுதப்பட்டுள்ளது' என்று குறிப்பு எழுதுவார்கள். புரியவில்லை என்று எவனும் எழுத மாட்டான், மானம் போய்விடும். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அன்று கொட்டகையில் அந்த மனிதர் எனக்குப் பரீட்சை வைக்கவில்லை. பர்ஸ்பிகாசிட்டி என்றால் என்ன, எலிக்ஸிர் என்றால் என்ன என்று தனக்குத் தெரியாமல்தான் கேட்டிருக்கிறார். தெரியவில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கம். தண்ணீர் என்று எழுத எனக்கு வெட்கம். இரண்டு பேருடைய வெட்கத்துக்கும் நடுவில் முப்பது பெண்கள் நாக்கு வறண்டு நின்றார்கள். அன்று அந்த மேசையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திர அழுகை.

வேலை போன அன்று மாலை அம்மா என்னை ஒன்றே ஒன்று கேட்டாள். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அதுல தண்ணின்னு எழுதினதான?"

"எழுதினேம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள்.

அதற்குப் பிறகு இந்தக் கதையை அவள் ஊரெல்லாம் சொன்னாள். மீன் கூடைக்காரிகளிடம் சொன்னாள், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளிடமும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் முடிப்பாள். "எம் பொண்ணு எல்லாத்தையும் எழுதித்தான் இருந்துச்சு. அந்த ஆபீசருக்குத்தான் படிக்கத் தெரியல" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் பக்கத்தில்தான் இருப்பேன். கடைசிவரை நான் அதைத் திருத்தவில்லை.